கிணற்றுக்கு ஜாகா இருந்த பிள்ளைகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை என்னைத் தேடி வந்தார். அவருடைய மாணவர்கள் மலாக்கா ஆற்றில் குப்பியில் தண்ணீர் பிடித்து, மருந்து சொட்டு விட்டு, என்ன நிறம் வருகிறது என்று பார்த்து எழுதுகிறார்களாம். ஜப்பான்காரன் காலத்தில் காஜா பேராங்கில் பிள்ளைகளே கிணற்றைக் காவல் காத்தார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "நீங்களும் அதுல இருந்தீங்களாமே, எங்க பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார். இருந்தேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. முட்டி வலி, வெளியே வர முடியாது என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு வார்த்தையில் அடங்குகிற விஷயமா அது? முழுக்கச் சொன்னால் அவர் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்.

நான் காவல் காத்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்து மூன்று பேர் செத்தார்கள். அதற்காக ஒரு பெண்ணை, இடுப்பில் குழந்தையோடு, தெருவைவிட்டு விரட்டினார்கள். விரட்டுவதற்குச் சாட்சி சொன்னவள் நான்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. லோரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போன அப்பா, குண்டு விழத் தொடங்கியபின் திரும்பவில்லை. அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி, இவ்வளவுதான் குடும்பம். கம்போங் செட்டியை ஒட்டி ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அம்மா மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து அப்பம் சுட்டு விற்பாள். தெருக்குழாயில் தண்ணீர் ஒருநாள் வரும், நாலு நாள் வராது. பிறகு அடியோடு நின்றது. அதனால் சுற்றியிருந்த முப்பது முப்பத்தைந்து வீடுகளும், வீட்டில் மலாய் பேசும் மலாக்காச் செட்டிகள், சீனர், மலாய்க்காரர், எங்களைப்போலத் தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கிணற்றுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இன்னொன்றும் நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சண்டைக்கு முன் எங்கள் கக்கூஸ்களில் வாளிதான் இருக்கும். விடிவதற்குள் ஓர் ஆள் வந்து, பின்பக்கக் கதவு வழியாக அந்த வாளியை எடுத்துப்போய், காலி வாளியை வைத்துவிட்டுப் போவான். அவன் முகத்தை நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்துவோம். அந்த ஆட்களையெல்லாம் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அப்புறம்தான் தெரிந்தது அவன் அருமை. வாளிகள் நிரம்பி வழிந்தன. ஆளாளுக்குக் கொல்லையில் குழி வெட்டினார்கள்.

எங்கள் வீட்டில் வெட்டுவதற்கு ஆண் இல்லை. முன்பக்கம் செம்மண் பாறைபோல் இறுகிக் கிடந்தது. மண்வெட்டி போட்டால் திரும்பி நம் காலுக்கு வரும். வாழைமரங்களுக்குப் பின்னால் மட்டும் மண் ஈரமாக, மெத்தென்று இருந்தது. அம்மாவும் நானும் இரண்டு நாளில் இடுப்பளவு ஆழம் வெட்டிவிட்டோம். எவ்வளவு சுலபமாக வெட்டுகிறது என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். அந்த இடம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. வாழைக்கு அந்தப் பக்கம் குழி, இந்தப் பக்கம் சரிவில் கிணறு. பிறகு ஒருநாள் நடந்து பார்த்தேன். பன்னிரண்டு எட்டு.

எங்கள் தெருவுக்குத் தலைவராக ஜப்பான்காரன் வைத்திருந்தவரைக் கிராணி ஐயா என்போம். முன்பு ரப்பர்த் தோட்ட ஆபீசில் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். தெருவில் யாருக்கு நோய் வந்தாலும் அவர்தான் பதில் சொல்லவேண்டும். வேறொரு தெருவில் பேதி கண்டபோது இரண்டு பக்கமும் முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள், தலைவரை நாற்சந்தியில் நாள் முழுக்க வெயிலில் மண்டிபோட வைத்தார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதருக்குத் தூக்கம் இல்லை. பெரியவர்கள் கிழங்கு நடவும் வேலைக்கும் போய்விடுவதால் பிள்ளைகளில் ஆறு பேரைப் பொறுக்கிக் கிணற்றுக்கு ஜாகா, அதாவது காவல், வைத்தார். எங்கள் கையில் வெள்ளைத் துணி கட்டினார்.

கிணற்றடியில் குளிக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, கோழி வரக்கூடாது. வீட்டு வாளியைக் கிணற்றில் விடக்கூடாது. பொது வாளி ஒன்றுதான், அதன் அடி மண்ணில் படக்கூடாது. சட்டங்கள் நல்ல சட்டங்கள்தான். இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடைசியாக ஒன்று சேர்த்தார்: "கண்டவங்க வாளியத் தொடக்கூடாது. வெளியாளுங்களுக்கு நீங்களே இறைச்சு ஊத்துங்க." கண்டவர் என்றால் யார் என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தரவா வேண்டும்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்குநுனியில். அதோடு கையில் ஒரு துணியும் கட்டிவிட்டால் கேட்கவேண்டுமா? கிணற்றடியில் வாய் கொப்பளித்த சீனக் கடைக்காரரைத் திட்டியிருக்கிறேன். கிராணி ஐயாவின் மனைவி சொந்த வாளியோடு வந்தபோது திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த அம்மாள் போய்ப் புகார் சொல்ல, அவர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை. அப்பா போனபின் யாருக்கும் வேண்டாத பிள்ளையாக இருந்த என்னைப் பார்த்து பெரியவர்கள் பயந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

என்னோடு காலை முறைக்கு நின்றவள் ஒரு செட்டிப் பெண். என் வயதுதான். அவர்கள் வீட்டில் சாமிக்குத்தான் தமிழ்ப் பெயர், பேச்செல்லாம் மலாய். நான் தமிழில் திட்டுவேன், அவள் மலாயில் சிரிப்பாள். யார் வந்தாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் சட்டம் சொல்வாள். "லு கராங் சங்காட்" என்பாள் என்னை, நீ ரொம்பப் பொல்லாதவள் என்று. எனக்கு இருந்த ஒரே தோழி.

பின்னால் எல்லாரும் விரட்டிய அந்தப் பெண் தெருவுக்கு வந்தது மழைக்காலத் தொடக்கத்தில். இருபத்தைந்து வயதிருக்கும். நாலு வயதுப் பெண் குழந்தை. கோயிலுக்குப் பின்னால் பந்தல் சாமான் போடுகிற கொட்டகையில் தங்கியிருந்தாள். அவள் யாரென்று ஒரு நாளைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எங்கள் வாளிகளை எடுத்துப்போன ஆட்களில் ஒருவனுடைய மனைவி. அவனைச் சயாமுக்கு ஏற்றியதும் நகரசபை லயத்து வீட்டைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் துரத்தியிருக்கிறார்கள். கூடை முடைந்து விற்றுக்கொண்டிருந்தாள்.

அவள் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு நாலு எட்டு தள்ளி நிற்பாள். நான் வாளியை உயரத் தூக்கி, அவள் குடத்தில் படாமல் ஊற்றுவேன். பாதி வெளியே சிந்தும். "இன்னும் கொஞ்சம் ஊத்து பாப்பா" என்பாள். ஒருவருக்கு ஒரு வாளி என்பேன். சிந்தியதும் அந்த ஒரு வாளியில்தான் சேர்த்தி.

ஒருநாள் குடத்தை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள். மூக்கை உயர்த்திக் காற்றை மோந்து பார்த்தாள். பிறகு வாழைமரப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"பாப்பா, அந்தக் குழி யார் வீட்டுது?"

"எங்க வீட்டுது. உனக்கென்ன?"

"அத மூடிரு பாப்பா. மேட்டுல இருக்கு பாரு. மண்ணு குடிச்சுக் குடிச்சுக் கிணத்துல கொண்டாந்து விட்டுரும். மழை பேஞ்சா சீக்கிரமே வந்துரும். எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, கிணத்துக்கு அம்பது எட்டுக்குள்ள குழி வெட்டக்கூடாதுன்னு. வீடு வீடாப் பாத்தவரு அவரு."

மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்தில் யாருமில்லை. என் தோழி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், தமிழும் அவளுக்கு அவ்வளவாகப் புரியாது. ஆனால் எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. கக்கூஸ் வாளி தூக்குகிறவன் பெண்டாட்டி எங்கள் வீட்டுச் சுத்தத்தைப் பற்றி எனக்குச் சொல்வதா! "நீ எனக்குப் பாடம் நடத்தறியா? போ, போ" என்று வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அவள் காலடியில் வீசி ஊற்றினேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் விடாத மழை. ஒருநாள் நான் அதே குழிப் பக்கம் போய்விட்டுத் திரும்பியபோது, அந்தப் பெண் தானே வாளியைப் பிடித்து இறைத்துக்கொண்டிருந்தாள். என் தோழி அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை தலைமேல் வாழையிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மழையில் அந்தப் பெண்ணை ஏன் காக்கவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது, கொடுத்துவிட்டாள். நான் கத்திய கத்தலில் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். வாளியைப் பிடுங்கிச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். தோழியோடு இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவள் முறைக்கு வரவில்லை. வயிற்றுக்கடுப்பு என்றார்கள். அதற்கு முன்பே சீனக் கடைக்காரரின் தாயார் படுத்திருந்தார். மலாய் வீட்டில் ஒரு கைக்குழந்தை. ரத்தமும் சீதமுமாகப் போயிற்று. மருந்து என்று ஒன்றும் கிடையாது. கொய்யாக் கொழுந்தும் மாதுளைத் தோலும் அவித்துக் கொடுத்தார்கள். அவித்ததும் அந்தத் தண்ணீரில்தான், அவிக்காமல் கொடுத்ததும் அந்தத் தண்ணீர்தான். காய்ச்சிக் குடிக்க விறகு யாரிடம் இருந்தது? எங்கள் வீட்டில் அம்மா கிழங்கு வேகவைத்த தண்ணீரைத்தான் தம்பிக்கும் எனக்கும் குடிக்கக் கொடுப்பாள். சிக்கனத்துக்காகச் செய்தது எங்களைக் காப்பாற்றிவிட்டது.

தோழியைப் போய்ப் பார்த்தேன். பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கேட்டாள். அவள் அம்மா குவளையை என் கையில் கொடுத்தார். நான்தான் புகட்டினேன். நாலு மிடறு குடித்தாள். காலையில் நானே இறைத்துக் கொண்டுபோய் வைத்த தண்ணீர் அது. அப்போதுதான் அந்தப் பெண் சொன்னது எனக்குள் வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாழைப் பக்கம் போனாள். குழியில் மழைத் தண்ணீர் விளிம்புவரை நின்றது. சரிவு வழியாகக் கிணறுவரை பார்த்தாள், திரும்பிக் குழியைப் பார்த்தாள். பிறகு என் வாயைக் கையால் பொத்தினாள். நான் பேசிக்கொண்டுகூட இல்லை.

"இத நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது. தெரிஞ்சா என்னப் பிடிச்சிட்டுப் போயிருவாங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஆரு இருக்கா?"

"மூடிரலாம்மா."

"இப்ப மூடினா எல்லாரும் பாப்பாங்க. ஏன் மூடறேன்னு கேப்பாங்க."

அம்மாமேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. ஆனால் அவள் சொன்னது தப்பு என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. நாற்சந்தியில் மண்டிபோட்டவர்களை அவளும் பார்த்திருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்துத் தோழி செத்துப்போனாள். கடைக்காரரின் தாயாரும் அந்தக் குழந்தையும் அதற்கு முன்னும் பின்னுமாகப் போனார்கள்.  ஜப்பான்காரன் வந்து கேட்பதற்குள் கிராணி ஐயாவுக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்துக்கு இரண்டு காலும் ஒரு முகமும் இருந்தால் இன்னும் நல்லது. காலையிலேயே கோயில் முன்னால் ஆட்களைக் கூட்டினார். அந்தப் பெண்ணையும் கூட்டிவந்து நிறுத்தினார்கள். என்னைக் கூப்பிட்டார்.

"பயப்படாம சொல்லும்மா. இவ வாளியத் தொட்டாளா?"

"தொட்டா."

உண்மைதானே. நான் கத்தியதை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் ஒரு இரைச்சல் எழுந்தது. அவள் எல்லாருக்கும் மேலாகக் குரலை உயர்த்தினாள்.

"ஐயா, நான் தொட்டதுனால வரல. கிணத்துக்குப் பின்னால போய்ப் பாருங்கய்யா. வாழைக்குப் பின்னால பாருங்க."

 கிராணி ஐயா என் பக்கம் திரும்பினார். "அங்க என்னம்மா இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். அது யார் வீட்டுக் குழி என்று அவளுக்குத் தெரியும். நான்தானே சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை, நானே சொல்வேன் என்று காத்திருந்தாள். அப்படித்தான் எனக்குப் பட்டது, இன்றும் படுகிறது. என்மேல் அவள் ஏன் அந்த நம்பிக்கை வைத்தாள் என்று புரியவே இல்லை.

"வாழைதான் இருக்கு" என்றேன்.

போய்ப் பார்க்க ஒருவர்கூட நகரவில்லை. அவள் சொல்லி நாம் போய்ப் பார்ப்பதா என்பதுதான் எல்லார் முகத்திலும் இருந்தது. பன்னிரண்டு எட்டு நடந்தால் உண்மை. கூட்டத்தில் நின்ற சமையல்காரர் ஒருவர் முதல் கல்லை எடுத்தார். அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள், ஓடவில்லை. கொட்டகையிலிருந்த குடத்தை எடுக்கப்போனவளை விடவில்லை. குடத்தையும் உடைத்தார்கள், கூடைகளையும் மிதித்தார்கள். தெரு முழுக்க அவள் பின்னால் போனது. ஆயர் குரோ போகிற பக்கமாகத் துரத்திக்கொண்டு போனார்கள். அப்போது அந்தப் பக்கம் எல்லாம் காடும் ரப்பரும்தான். இரைச்சல் தூரத்தில் வெகுநேரம் கேட்டது.

நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாழைக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். தெருவில் யாருமில்லாத நேரத்துக்குத்தான் காத்திருந்திருக்கிறாள். அடுப்புச் சாம்பலை மூட்டையாகக் கொண்டுவந்து உள்ளே கொட்டி, மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "மிதி" என்றாள். மிதித்தேன். அந்தப் பெண்ணை அவர்கள் துரத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் அவள் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தேன். முடித்ததும் அம்மா அதன்மேல் ஒரு வாழைக்கன்றை நட்டாள். வீட்டுக்கு முன்னால், செம்மண்ணில், கை கொப்புளித்து ரத்தம் வர வேறு குழி வெட்டினோம்.

மழையும் விட்டது. கிராணி ஐயா கிணற்றைச் சேறு வாரி இறைக்கச் சொன்னார். மூன்று வாரத்தில் புதிதாக யாருக்கும் பேதி இல்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். எங்கள் தெருவில் பழி போன இடத்திலேயே பாவமும் போய்விட்டதாக எல்லாரும் நம்பினார்கள். நம்பாமல் எப்படி இருப்பார்கள்? அவள் போனாள், நோய் நின்றது. கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கிறதே. அதற்குப்பின் கிணற்றடியில் வெளியாள் யார் வந்தாலும் பிள்ளைகள் கல்லெடுத்தார்கள். நானும் ஜாகாவை விடவில்லை. விட்டால் ஏன் என்று கேட்பார்களே.

கொஞ்ச நாள் கழித்து கிராணி ஐயா என்னைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் இரண்டு பால் டின் அரிசி கொடுத்தார். "சுத்தம் சோறு போடும்னு சொல்லுவாங்க, இந்தா போட்டுருச்சு" என்று சிரித்தார். அரிசியைக் கண்ணால் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. தம்பி பச்சையாகவே ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டான். அம்மா உலை வைத்தாள். வெந்ததும் ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி, தோழியின் அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள். அவளால் போக முடியவில்லை என்று நினைக்கிறேன்.

தோழியின் அம்மா அடுக்களையில் தனியாக இருந்தார். கிண்ணத்தைத் திறந்து பார்த்துவிட்டு அழுதார். என்னைத் தனக்குப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். பேசினது எல்லாம் மலாயில்தான். உன்னால்தான் மற்றப் பிள்ளைகள் பிழைத்தார்கள், என் பிள்ளை உன் பேச்சைக் கேட்காமல் அந்தப் பெண்ணிடம் வாளியைக் கொடுத்துவிட்டாள், அவளுக்கு இளகிய மனசு, அதுதான் அவளைக் கொண்டுபோய்விட்டது என்றார்.

செத்த பெண்மேல் பழி விழுந்து கிடக்கிறது, அதைப் பெற்ற தாயே சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. அம்மா போனால் போகட்டும், நானும் போகிறேன், சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அவர் சோற்றில் ஒரு பிடி எடுத்து, தன் மகளுக்கு ஊட்டுவதுபோல, "மாக்கான், நாக்" என்று என் வாயில் வைத்தார். சாப்பிடு, மகளே என்று. எனக்கு நல்ல பசி. மென்று விழுங்கினேன். அவர் அடுத்த பிடியை உருட்டினார்.